பெயர்ப் பலகைக்கு ஒரு முகவரி

ஆடி மாதத்தில் எவரும் தொழில் தொடங்குவதில்லை. ஆகவே பேசித் தீர்ப்பதற்கு அதைவிட உகந்த மாதம் வேறில்லை என்று நாங்கள் மூவரும் கருதினோம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்து, உரிமை பொதுவாகிவிட்ட பழைய நூல்களைச் செம்மையாக மறுபதிப்பிடும் சிறு பதிப்பகம் ஒன்று. எந்த நூல்கள் என்பதை ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டோம். பதிப்பகத்தை எவ்வகை நிறுவனமாக, எந்த ஊர் முகவரியில் பதிவது என்ற கேள்விதான் ஐப்பசி வரை இழுத்தது.

சாதாரணக் கூட்டு வணிகம்தான் முதலில் மனத்தில் இருந்தது. 1932ஆம் ஆண்டுச் சட்டம். முத்திரைத்தாளில் ஒரு பத்திரம் எழுதினால் போதும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதியாத கூட்டு, பணம் தராத கடைக்காரர்மீது வழக்குத் தொடர முடியாது. புத்தகம் விற்றவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்! இதற்கும் மேலே ஒன்றிருந்தது. கூட்டின் கடனுக்கு ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. அதைக் கேட்டதும் எங்களுள் மூத்தவரான அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அவருடைய தமையனார் அச்சகம் நடத்தியவர். கூட்டாளி விட்டுச்சென்ற தாள்கடைப் பாக்கியைக் குடியிருந்த வீட்டை விற்றுத்தான் அடைத்தார்.

ஆடிட்டர்தான் எல்எல்பி என்ற வழியைக் காட்டினார். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, பொறுப்புக்கு வரம்பிட்ட கூட்டாண்மை. இருவர் இருந்தால் போதும். குறைந்தபட்ச முதலீடு என்று ஒன்றில்லை. மோசடி செய்தாலன்றி, கூட்டாளி தாம் போட்ட பணத்துக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. பிரைவேட் லிமிடெட் என்றால் முதலாண்டிலிருந்தே தணிக்கை உண்டு. இதிலோ விற்றுவரவு 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான். (எங்கள் கனவிலும் அவ்வளவு விற்கவில்லை.) எனினும் ஒரு பிரதிகூட விற்காத ஆண்டிலும் மே 30க்குள் ஒரு படிவமும் அக்டோபர் 30க்குள் மற்றொன்றும் அளித்தே ஆக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். எங்களுள் கல்லூரிப் பணியில் இருப்போர் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதியும் பெற வேண்டியிருந்தது.

இதற்கிடையே அமெரிக்காவிலிருந்து அண்ணனின் மருமகன் தொலைபேசியில் அழைத்து, டெலவேர் மாநிலத்தில் எல்எல்சி பதிவு செய்துவிடலாம் என்றார். 1977இல் வயோமிங்கில் பிறந்த ஏற்பாடு அது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதால் எங்கே பதிவது என்பது பெரிய கேள்வி. டெலவேரில் பதிந்துவிட்டுச் சொந்த மாநிலத்தில் கடை விரிப்பவர் அங்கும் பதிந்து இரு இடத்திலும் கட்டணம் கட்டுவதுண்டு. நமக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். விண்ணப்பம் இணையவழியே அரியானாவின் மானேசரில் உள்ள மைய அலுவலகத்துக்குப் போகிறது. மதுரையில் பேசிய கூட்டு மானேசரில் பிறக்கிறது என்பதில் எங்களுக்குச் சிறிது வருத்தம்தான்.

மிஞ்சியது முகவரி. புத்தகச் சந்தை சென்னையில் இருப்பதால் அங்கேயே வைக்கலாம் என்றொரு கருத்து எழுந்தது. அண்ணன் அப்போதுதான் பாண்டித்துரைத் தேவரை நினைவூட்டினார். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட அதே தேவர், 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைவராகவும் இருந்தார். மூலதனம் 10 லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய். கப்பல் ஓட வேண்டிய தூத்துக்குடியிலேயே அலுவலகம். கம்பெனி நொடித்தபோது பங்குதாரரின் இழப்புக்கு ஒரு வரம்பு இருந்தது. 1908இல் சிறைசென்ற வ.உ.சி. இழந்தவற்றுக்கு எந்தச் சட்டம் வரம்பிட்டது? இதை அவர் மதுரைக்குச் சான்றாகச் சொன்னாரா, தம் அச்சத்துக்கா என்று எங்களுக்குப் புரியவில்லை.

முடிவில் திருநகரில் உள்ள அவர் வீட்டு முகவரியே நின்றது. மின்கட்டண ரசீது மதினி பெயரில் இருந்தது. வீடும் அவர் பெயரில்தான். ஆட்சேபணையின்மைக் கடிதத்தை நீட்டியபோது மதினி கண்ணாடியைத் தேடவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா வீடு போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

சட்டப்படி போகாது என்றோம். பிறகு, மறைப்பது தகாதென்று தோன்றியதால், உள்ளதையும் சொன்னோம். வங்கியோ தாள்கடையோ கூட்டின் பெயரை மட்டும் நம்பிக் கடன் தருவது அரிது. ஆளின் ஜாமீன் கேட்கும். அந்தத் தாளில் அண்ணன் கையெழுத்திட்டால் அவர் மட்டில் சட்டம் போட்ட வரம்பு போய்விடும். வீட்டையே ஈடு கேட்டால் மதினியும் கையெழுத்திட வேண்டிவரும்.

மதினி சற்று நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதுல நான் போடுறேன். அந்தத் தாள்ல யாரும் போடக் கூடாது" என்றார்.

மறுநாள் ஆடிட்டரிடம் சென்று, கூட்டாளி எவரும் சொந்த ஜாமீன் தரலாகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்கச் சொன்னோம். அப்படியானால் கடன் கிடைக்காதே என்றார் அவர். கையிருப்பை எண்ணிப் பார்த்தோம். முதல் நூலை 1000 பிரதிக்குப் பதிலாக 300 பிரதி அச்சிடுவதென்று அங்கேயே முடிவாயிற்று. தாளுக்கு ரொக்கம்.