எந்தச் சண்டை முடிஞ்சது?

போன மாசம் எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தோம். நீளமான பிரவுண் பேப்பர் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒரு முனையில் 'யுத்தம் தொடங்கினது', மற்ற முனையில் 'யுத்தம் முடிஞ்சது' என்று எழுதி, நடுவில் ஒரு கோடு கீறினோம். ஆளுக்கொரு பேனையோடு வந்து தங்கட வீட்டுக் கதையில் இருந்து திகதிகளைக் குறிக்கவேணும். அரை மணித்தியாலத்தில் முடியும் என்றுதான் நினைத்தோம். வீட்டுக்குப் போக இரவு எட்டு மணியாகிவிட்டது.

சிக்கல் இரண்டு முனைகளிலேயே தொடங்கிவிட்டது. வவுனியா நண்பன் யோசிக்காமல் 1983 யூலை, 2009 மே என்று எழுதினான். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தோழி பேனையை வாங்கவே இல்லை. "எங்கட வீட்டில யுத்தம் எண்டால் 1990 ஒக்டோபர்தான். அது இன்னும் முடியல்ல. யாழ்ப்பாணத்து வீட்டுத் திறப்பை வச்சிக்கொண்டே உம்மும்மா மௌத்தாகிட்டா" என்றாள். மட்டக்களப்புத் தோழி சொன்னது வேறு: "சமாதான காலம் எண்டு எல்லாரும் சொல்ற நேரத்தில, 2004க்குப் பிறகுதான் எங்கட மாமா காணாமல் போனவர். எந்தப் பக்கம் கொண்டுபோனது எண்டு இண்டைக்கும் தெரியாது." தமிழ் படித்துக்கொண்டிருக்கும் மாத்தறை நண்பன், தங்கட ஊரில் பெரியவர்கள் பயத்தோடு கதைப்பது 88, 89ஆம் ஆண்டுகளைப் பற்றித்தான் என்றான்.

ஒரு கோடு காணாது. நாலு கோடு கீறினோம்.

இதற்குப் பிறகுதான் வவுனியா நண்பன் தன்ட அப்பாவின் கொப்பியைக் கொண்டுவந்தான். அப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கினதில் இருந்து, ரேடியோவில் கேட்டதை எல்லாம் அதில் குறித்து வைத்திருந்தார். எந்த முகாம் விழுந்தது, எந்த வீதி திறந்தது, எத்தனை பேர் செத்தது என்று திகதி திகதியாக. 'சண்டை எப்பிடிப் போகுது' என்று ஊரில் யாரும் கேட்டால் கொப்பியைப் பார்த்துத்தான் பதில் சொல்வாராம்.

அந்தக் கொப்பியை விடிய விடிய வாசிக்கலாம். 1997 மேயில் ஏ9 வீதியைத் திறக்க இராணுவம் தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கைக்கு மட்டும் பல பக்கங்கள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஒவ்வொரு ஊராக வருகிறது. 1998 செப்டெம்பர் கடைசியில் ஒரே கிழமையில் இரண்டு வரிகள்: இராணுவம் மாங்குளத்தைப் பிடித்தது, புலிகள் கிளிநொச்சியைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் வெற்றி என்றுதான் அறிவித்தது. ஒன்றரை வருசத்துக்கு மேலாக இராணுவம் அடி அடியாகப் பிடித்த நிலத்தில் பெரும்பகுதி 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் கைமாறியது. நிலத்தை வைத்து முன்னேற்றத்தை அளந்தவர்கள் எல்லாரும் ஒருநாள் ஏமாந்துதான் இருக்கிறார்கள்.

ஆனால் எங்களைக் குழப்பினது அந்தப் பக்கங்கள் இல்லை. 1990 செப்டெம்பர் கடைசியில் யாழ்ப்பாணக் கோட்டை புலிகளிடம் போனதைச் சிவப்புப் பேனையால் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார் அப்பா. அடுத்த மாதப் பக்கத்திலும் சண்டைச் செய்திகள் இருக்கின்றன. ஆனால் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புலிகளால் வெளியேற்றப்பட்டதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அப்பா இருந்த இடத்துக்கும் சோனகதெருவுக்கும் சைக்கிளில் பத்து நிமிசம்.

புத்தளத்துத் தோழி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தோம்.

பிறகு நண்பன் அப்பாவிடமே கேட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதை நான் சண்டை எண்டு நினைக்கேல்ல தம்பி" என்றாராம். பொய் சொல்லவில்லை அவர். அவர் எண்ணிக்கொண்டிருந்தது ஒரு யுத்தத்தை மட்டும்தான்.

உண்மையில் அந்தக் காலத்தில் இந்தத் தீவில் எத்தனை யுத்தம்? 1987இல் வந்த இந்தியப் படை, சில மாதத்திலேயே வடக்குக் கிழக்கில் புலிகளோடு மோதியது. அதே நேரம் தெற்கில் அரசும் ஜேவிபியும் மோத, இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இதற்கெல்லாம் முன்னமே, 1986இல் புலிகள் டெலோவை அழித்திருந்தார்கள். இயக்கங்களுக்கு இடையிலான கொலைகள் அதோடு நிற்கவில்லை. இந்தியப் படையை அனுப்பிவிட விரும்பிய பிரேமதாச அரசு, 1989இல் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச்சில் இந்தியப் படை போனது. ஒரு யுத்தம் முடிந்துவிட்டது என்று கொப்பியில் எழுதலாம். மூன்று மாதத்தில் மற்ற யுத்தம் தொடங்கிவிட்டது.

கிழக்கில் அது ஊருக்குள்ளேயே இறங்கியது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் இராணுவத்தினர் தமிழ்ச் சனத்தைக் கொன்றார்கள். வந்தாறுமூலையில், பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்தவர்களில் இராணுவம் கொண்டுபோன நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று பயந்து வாழத் தொடங்கின. இதில் யார் முன்னேறியது?

2007 யூலையில் குடும்பிமலையைப் பிடித்ததும் கிழக்கு விடுவிக்கப்பட்டதாக அரசு விழா எடுத்தது. 2004இல் கருணா பிரிந்திராவிட்டால் அந்த வெற்றி அவ்வளவு சுலபமாக வந்திருக்காது. ஆனால் மட்டக்களப்புத் தோழியின் அம்மம்மாவுக்கு, இரவில் கதவைத் தட்டுவது யார் என்ற பயம் அந்த விழாவோடு போகவில்லை. முந்தி தட்டினால் இரண்டு பேரில் ஒருத்தர். பிரிவுக்குப் பிறகு யாரென்று ஊகிக்கவே முடியாது. அரசின் கணக்கில் அது முன்னேற்றம். அம்மம்மாவின் கணக்கில் ஒரு யுத்தம் குறைய முந்தி இன்னொன்று கூடியிருந்தது.

2009 மேயில் முடிந்தது அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான யுத்தம். அது பெரிய முடிவு, மறுக்கவில்லை. ஷெல் விழாத இரவு எவ்வளவு பெறுமதியானது என்று முள்ளிவாய்க்காலால் வந்தவர்கள் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆனால் மற்றக் கோடுகள்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரின் கோடு முடிந்ததா? 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது எந்தக் கோடு நீண்டது?

இப்ப நாங்களும் வேறு நாட்டு யுத்தங்களை ஃபோனில் வரைபடமாகத்தான் பார்க்கிறோம். ஒரு நிறம் விரிகிறது, இன்னொன்று சுருங்குகிறது. மியன்மாரின் ராக்கைனில் அரக்கான் ஆர்மி இராணுவ ஆட்சியிடமிருந்து நகரம் நகரமாகப் பிடித்தபோது எங்களில் சிலர் சந்தோசப்பட்டோம். அதே நகரங்களில் இருந்து ரோஹிங்கியாச் சனம் ஓடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் வாசித்தோம். அப்பாவின் கொப்பியைக் குறை சொல்லிக்கொண்டு, நாங்களும் அதே கொப்பியைத்தான் எழுதுகிறோம்.

அதனால் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ள முடிவெடுத்தோம். 'எந்தப் பக்கம் வெல்லுது' என்று கேட்க முந்தி, இங்க எத்தனை சண்டை நடக்குது என்று எண்ணுவது. இரவில் யார் பயமில்லாமல் கதவைத் திறக்கிறார்கள், போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள், யாருடைய இழப்பு ஒருவர் கணக்கிலும் எழுதப்படவில்லை என்று கேட்பது. பதில் எப்பவும் கிடைக்காது. ஆனால் ஒரு நிறம் விரிவதைப் பார்த்துக் கைதட்டுவதை அது கொஞ்சம் தாமதப்படுத்தும்.

பேப்பர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. போன ஞாயிறு வவுனியா அப்பாவும் வந்தார். எல்லாத்தையும் வாசித்துவிட்டு, புத்தளத்துத் தோழியிடம் அவள் உம்மும்மாவின் வீடு எந்த ஒழுங்கை என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்த ஒழுங்கை அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கட வீட்டிலும் ஒரு கோடு இருக்கும். வந்து கீறுங்கோ. இடம் காணாவிட்டால் பேப்பரை ஒட்டி நீட்டுவம்.