நாலு லிட்டர் கருப்பு

காரோடு வரும் கையேட்டைப் படித்தால் ஆயில் மாற்றுவது இட்லி ஊற்றுவதைவிட எளிது. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கு. அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்று. பழையதை வடி. ஃபில்டரை மாற்று. போல்ட்டை மூடு. புதியதை ஊற்று. ஆறு வரிதான். கோடு எழுதிப் பிழைக்கும் ஆளுக்கு இதைப் பார்த்ததும் கை அரிக்கும். இந்த ஆறு வரிக்கா ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வருகிறோம் என்று தோன்றும். ஏழாவதாக ஒரு வரி உண்டு. வடித்த ஆயிலை உள்ளூர் விதிகளின்படி அப்புறப்படுத்தவும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். முதல் ஆறு வரிக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. ஏழாவது வரிக்கு இரண்டு மாதம் ஆனது.

மதுரையில் இந்த வேலையை வீட்டில் செய்ய எந்த அவசியமும் இல்லை. இது பஸ் ஊர். 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே ஆரம்பித்த நிறுவனம் பஸ் ஓட்டித்தான் வளர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக மோட்டார் இங்கே ஒரு தொழில் மட்டுமல்ல, பேச்சுமொழி. எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் கையில் ஸ்பானரோடு ஒருத்தர் எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட ஊரில், ஆயில் நானே மாற்றப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஏன்டா, வேலைய விட்டுத் தூக்கிட்டாய்ங்களா?"

காரணம் வண்டிதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ கார். கதவு இரண்டு, ஸ்பாய்லர் ஒன்று, தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் கம்மி. உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் தெருப் பையன்களுக்கு அதெல்லாம் கிடையாது. அவர்களுக்கு இது 'ரேஸ் காரு'.

இந்த மாதிரி எஞ்சினில் ஆயில் வெறும் வழவழப்புக்கு இல்லை. டர்போவின் நடுத்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அது உலோகத்தின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை, தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பக்கத்திலேயே புகைபோக்கியின் நெருப்புச் சூடு. ஆயில் கெட்டியாகி வண்டலாக மாறினால் முதலில் போவது அந்தத் தண்டுதான். நாற்பது டிகிரி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் வண்டிக்கு நல்ல ஆயில் என்பது சொகுசு இல்லை, சாப்பாடு. அதை நம் கண்ணால் பார்த்து ஊற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதல் சிக்கல், ஜாக் உள்ளே போகவில்லை. வண்டி அவ்வளவு தாழ்வு. எதிரே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு சென்ட்ரிங் பலகை நாலு வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தாயிற்று. போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே என் இரண்டு கையும் கருப்பு. பலகையில் ஏற்கெனவே ஆயில். கான்கிரீட் பலகையோடு ஒட்டாமல் இருக்க வண்டிகளில் வடித்த பழைய ஆயிலைத்தான் அதில் பூசுகிறார்கள். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

அடுத்தது அடித்தட்டு. தாழ்வான வண்டிகளில் எஞ்சினுக்குக் கீழே பிளாஸ்டிக் தகடு ஒன்று மூடியிருக்கும். எட்டு ஸ்க்ரூ. அதில் இரண்டின் தலை, முன்பு யார் கையாலோ, நெல்லிக்காய் மாதிரி உருண்டு போயிருந்தது. அரை மணி நேரம் அதற்கே போனது. விலை ஏற ஏற இந்தத் தொல்லை குறையும் என்று நினைக்க வேண்டாம். ஏர் கூல்டு காலத்துப் போர்ஷ 911-இல் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்காது. அதற்குத் தனித் தொட்டி, எஞ்சினில் ஒரு வடிகால், தொட்டியில் ஒரு வடிகால். புகாட்டி வேரானில் வடிகால் போல்ட் மட்டும் பதினாறு. கோடீஸ்வரனுக்கும் கீழே படுத்தால் முகத்தில்தான் சொட்டும். அவன் படுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, போல்ட் திறக்கும் அந்தக் கணம். வீடியோக்களில் ஆயில் ஒரு கருப்பு ரிப்பன் மாதிரி நேராக இறங்கும். நிஜத்தில் அது குறுக்கே பாய்கிறது. உள்ளே ஆயில் மட்டம் உயரமாக இருக்கும்போது வேகம் அதிகம், வளைந்து தூரமாக விழும். மட்டம் கால்வாசியாகக் குறையும்போது வேகம் பாதியாகும், வளைவு உள்ளே இழுத்துக்கொள்ளும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிசெல்லி சொன்ன விதி. என்ஜினியரிங் படிக்கும்போது இரண்டு மார்க் கேள்வி. தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கும்போது அது விதியாகத் தெரியாது, பாம்பாகத் தெரியும். பேசினை அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். அதோடு ஆடிக் காத்து. கடைசியில் நூலாக இறங்கும் ஆயிலைக் காற்று அங்குட்டும் இங்குட்டும் ஆட்ட, போர்டிகோ டைல்ஸில் கிறுக்கெழுத்து மாதிரி ஒன்று உருவானது.

நான்காவது ஃபில்டர். படுக்கைவாட்டில் பொருத்திய ஃபில்டரைத் திருகித் தளர்த்தியதும் உள்ளே தேங்கிய ஆயில் விரல் வழியாக, மணிக்கட்டு வழியாக, முழங்கை வழியாக நிதானமாக அக்குளுக்கு வந்து சேரும். கையை எடுத்தால் ஃபில்டர் விழும், எடுக்காவிட்டால் சட்டை போகும். சட்டை போனது.

ஐந்தாவது, பக்கத்து வீட்டு அத்தையின் கோழி. அதை எந்தக் கையேடும் எதிர்பார்க்க முடியாது. நான் வண்டிக்கு அடியில் இருந்தபோது பேசின் ஓரம் வந்து, உள்ளே எதையோ கொத்திப் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு காலை விட்டு, பயந்து, போர்டிகோவிலிருந்து வாசல் கோலம் வரைக்கும் ஓடியது. வெள்ளைக் கோலத்தில் கருப்பு மூன்று விரல் அச்சு வரிசையாக. அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏப்பா, என் கோழிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா முட்டைக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார். ஷாம்பு பாக்கெட் இரண்டு கிழித்துக் கோழிக்கால் கழுவிய மென்பொருள் பொறியாளர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்போம் என்று தெரியாது.

கறையை எடுக்க அம்மா மரத்தூள் கொண்டுவரச் சொன்னார். கொட்டி, ஊறவிட்டு, கூட்டி, பிறகு சோப்புத்தூள், பிறகு சீயக்காய். ரேஸ் மைதானத்திலும் இதேதான் நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையோ இத்தாலியோ, டிராக்கில் ஆயில் சிந்தினால் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடியைக் காட்டுவார்கள். மார்ஷல்கள் ஓடிவந்து உறிஞ்சும் தூளைக் கொட்டித் தள்ளுவார்கள். எங்கள் வீட்டில் கொடிக்குப் பதிலாக விளக்குமாறு. புதிய ஆயில் தேன் நிறத்தில் உள்ளே இறங்கியது. எஞ்சின் அமைதியாக ஓடியது. இதுவரை வந்த அசம்பாவிதம் எல்லாம் துடைத்தால் போகிற வகை.

துடைத்தால் போகாதது ஒரு பழைய கேனில் இருந்தது. நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

காலையில் குப்பை வண்டி வந்தபோது கேனைக் காட்டினேன். தூய்மைப் பணியாளர் அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இத எந்தத் தொட்டில தம்பி போடுறது? மக்குறதா, மக்காததா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டிலும் வராது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அப்படித்தான் வகைப்படுத்துகின்றன. 2023-இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. ஆயில் தயாரிப்பவர்களே பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. காகிதத்தில் பாதை தெளிவாக இருக்கிறது. அந்தப் பாதையின் ஆரம்ப முனை எங்கள் வாசல் வரை நீளவில்லை.

சுற்றியிருந்த எல்லோரிடமும் யோசனை இருந்தது. வேலிக்கால் நடும்போது அடியில் பூசு, கரையான் அண்டாது. தென்னைக்குக் குழி தோண்டி ஊற்று. ராத்திரி சாக்கடையில் விடு, யாருக்குத் தெரியும்?

சாக்கடை எங்கே போகிறது என்பது மதுரைக்காரனுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஆறாக இருந்த கிருதுமால் ஊருக்குள் இன்று சாக்கடையாகத்தான் ஓடுகிறது. மிச்சம் கண்மாய்க்குப் போகும், இல்லையென்றால் வைகை மணலுக்குப் போகும். அந்த மணலுக்குக் கீழேதான் போர் போட்டிருக்கிறோம்.

1770களில் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்த்தார். அரை ஏக்கர் அளவுக்குப் படலமாகப் பரவி அலையை அடக்கியது என்று எழுதிவைத்திருக்கிறார். வண்டியூர் தெப்பக்குளம் ஏறக்குறைய 1000 அடி நீளம், 950 அடி அகலம். கிட்டத்தட்ட 22 ஏக்கர். பிராங்க்ளின் கணக்கில் அதை மூட 44 டீஸ்பூன் போதும். ஒரு காபி டம்ளர். எஞ்சின் ஆயிலும் அப்படியே பரவும் என்று சொல்ல வரவில்லை, அது வேறு ஜாதி. ஆனால் தை மாதத் தெப்பத் திருவிழாவில் மின்விளக்கு வெளிச்சம் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்தவனுக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கேனைச் சாய்க்கக் கை வராது.

கடைசியில் கேன் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குப் போனது. ஓரத்தில் 200 லிட்டர் பேரல். "இதுல ஊத்திட்டுப் போ தம்பி. பேரல் ரொம்புனா ஆள் வந்து காசு குடுத்து எடுத்துட்டுப் போவாப்ல" என்றார். எங்கே போகும் என்று கேட்டேன். "பாதி சென்ட்ரிங்குக்கு. பாதி சூளைக்கு எரிக்க. மிச்சம் எங்க போகுதுன்னு கேக்கப்புடாது." என் கையைக் கருப்பாக்கிய பலகை அப்போது புரிந்தது. யாரோ ஒருவரின் வண்டி ஆயில் அது. இப்போது நான் ஊற்றுவது இன்னொரு மேஸ்திரியின் கைக்கு.

பேரல் பக்கத்தில் ஒரு பையன் வெறுங்கையால் ஃபில்டர் கழற்றிக்கொண்டிருந்தான். ஆயில் முழங்கை வழியாக இறங்கியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்த மிச்சமும் உலோகத் துகளும் சேர்கின்றன. பாதி எரிந்த மிச்சத்தில் உருவாகும் சில சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை, தோல் வழியாகவும் உள்ளே போகக்கூடியவை. எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, வேடிக்கைக்கு. அவனுக்கு ஒரு நாளைக்குப் பத்து வண்டி. சாயங்காலம் அதைக் கழுவுவது பெட்ரோலில்.

ஆயில் மாற்றுவது என்று சொல்கிறோம். மாறுவது ஆயிலின் இடம். சர்வீஸ் சென்டரின் ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது இது தெரியாது. பில்லில் 'ஆயில் சேஞ்ச்' என்று ஒரு வரி, அதற்கு மேல் கேள்வி இல்லை. காசு கொடுத்து வாங்குவது வேலையை மட்டுமல்ல, அந்தக் கருப்பைப் பார்க்காமல் இருக்கும் வசதியையும்தான். இத்தனைக்கும் அடிப்படை எண்ணெய் தேய்ந்து போவதில்லை. அழுக்கும் தண்ணீரும் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் மறுபடி எண்ணெய்தான். தொழில்நுட்பம் எல்லாம் இருக்கிறது. இல்லாதது தெருமுனையில் ஒரு சுத்தமான பேரல், அதை எடுத்துப் போகப் பதிவு செய்த ஒரு வண்டி.

உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே பேரலை அனுப்பும் ஒரு ஒர்க்‌ஷாப்பைத் தேடித்தான் அந்த இரண்டு மாதம் போனது. ரசீது காட்டுகிறார்கள். இப்போது வண்டி அங்கே போகிறது. ஷெட் பையனுக்கு நைட்ரைல் கையுறை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். "வழுக்குதுண்ணே, கிரிப் கெடைக்கல" என்று இரண்டே நாளில் கழற்றிப் போட்டுவிட்டான். விரல்நுனியில் சொரசொரப்பு உள்ள வகை ஒன்று இருக்கிறதாம். அடுத்த டப்பா அதுதான்.