பாலம் நிக்குது, தண்ணி போகுதா?

தென் பிரான்ஸில் நீம்னு ஒரு ஊர். வடக்கே செவென் மலை, தெற்கே மத்தியதரைக் கடல். திருவட்டாறுகாரனுக்கு இந்த அமைப்பு புதுசில்லை. போன வருஷம் லீவுல அங்க போனப்போ நான் முக்கியமா பார்க்க நினைச்சது ஒரு தொட்டிப்பாலம். ஆமா, நம்ம மாத்தூர்ல இருக்கே, அதே மாதிரி.

ஊருக்கு வெளியே, கார்தோன் ஆற்றுக்குக் குறுக்கே, ரோமானியர்கள் முதல் நூற்றாண்டில் கட்டினது. பேர் போன் து கார். மூணு அடுக்கு, கிட்டத்தட்ட 160 அடி உயரம். உசெஸ் பக்கத்து ஊற்றுத் தண்ணி 50 கிலோமீட்டர் ஓடி நீம் வந்து சேரணும். மொத்த இறக்கமே 12 மீட்டர் சொச்சம்தான். அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சாண்!

தண்ணி வந்து விழுந்த வட்டத் தொட்டி நீம் ஊருக்குள்ள இன்னும் இருக்கு. ஊருக்குப் பிரிச்சுவிட சுவர்ல பத்து ஓட்டை. எல்லாம் காஞ்சு கிடக்கு.

ஏன் நின்னுபோச்சு? பாலம் இடியல. அந்தத் தண்ணியில சுண்ணாம்பு அதிகம். ரத்தக் குழாயில கொழுப்பு படியுற மாதிரி வாய்க்கால் உள்சுவர்ல படிஞ்சுகிட்டே வந்திருக்கு. ரோமப் பேரரசு தளர்ந்ததும் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆளில்லை. செடி வேரும் உள்ள புகுந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா அடைச்சே போச்சு. பாலம் மட்டும் தப்பிச்சதுக்கு ஒரு காரணம், ஜனங்க ஆத்தைக் கடக்க அதைப் பயன்படுத்தினாங்க.

இப்போ மாத்தூருக்கு வருவோம். காமராஜர் காலத்துத் திட்டம். 1966-ல் முடிஞ்சது. பறளியாற்றுக்கு மேல 115 அடி உயரம், 28 தூண், 1200 அடிக்கும் அதிக நீளம். கல்குளம், விளவங்கோடு வயல்களுக்காகக் கட்டினது. போன் து கார் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனா அதுல தண்ணி கிடையாது. நம்மளோடதுல இன்னைக்கும் போகுது. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

ஆனா ஓ.பி.க்கு பிரஷர் மாத்திரை வாங்க வர்ற ஒரு பெரியவர் இருக்கார். கடைவரம்பு விவசாயி. பிரான்ஸ் போட்டோவைக் காட்டினேன். பார்த்துட்டுச் சொன்னார்: "டாக்டரே, நம்ம பாலத்துலயும் வெள்ளம் போவுது. எனக்க வயலுக்குத்தான் வரல்ல."

அவர் வயலுக்குப் போற கிளைக் கால்வாய்ல புதரும் சேறும். பிளாஸ்டிக் வேற. பக்கத்து வயல்காரங்க நெல்லை விட்டுட்டு ரப்பரும் வாழையும் வச்சாச்சு. இவர் மட்டும் மழையை நம்பி இன்னும் நாத்து நடுறார். இவரும் விட்டுட்டா அந்தக் கால்வாயைப் பத்திக் கேட்கவே ஆள் இருக்காது.

பிரஷர் இருக்கிற பல பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பார்க்க கம்பீரமா இருப்பாங்க. கால்வாயும் அப்படித்தான். மேலே பாலம் ஜம்முனு நிக்கும், அடைப்பு எங்கேயோ கீழே இருக்கும்.

அடுத்த தடவை மாத்தூர் போனா செல்பி எடுத்துக்கோங்க, தப்பில்லை. அப்புறம் உங்க ஊர்க் கிளைக் கால்வாய்க் கரையில ஒரு அரை கிலோமீட்டர் நடந்து பாருங்க. அடைப்பு கண்டா அதையும் ஒரு போட்டோ எடுங்க. கலெக்டர் ஆபீஸ்ல மாசாமாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். அங்க கொண்டுபோய்க் கொடுங்க.