ஒரு மிடறு நீர்

மிடறு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தொண்டையும் மிடறு, ஒருமுறை விழுங்கும் நீரும் மிடறு. ஆண்டுதோறும் வகுப்பறையில் இதனை விளக்கிவரும் எனக்கு, அவ்விரு பொருளும் எத்துணை நெருங்கியவை என உணர்த்தியவர் கோவளத்தில் வாழும் என் சாச்சா. முதலில் புரோட்டா இறங்கவில்லை என்றார், பின்னர்ச் சோறு, பின்னர்க் கஞ்சி.

உணவுக்குழல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். அது நெகிழ்ந்து கொடுப்பதால் கட்டி பெரிதாகிய பின்னரே அடைப்புத் தெரியும். குடலுக்கு உள்ளது போன்ற வெளியுறையும் அதற்கில்லை. எனவே புற்று அண்டையிலுள்ள மூச்சுக்குழலை எளிதில் எட்டிவிடும். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது செதிள் அணுப் புற்று. சாச்சாவுக்கு வந்ததோ சிற்றணுப் புற்று. உணவுக்குழலில் அஃது அரிது. விரைந்து பரவும் இயல்பினது.

"அறுத்து எடுத்துவிட வேண்டியதுதானே, ஏன் நாளைக் கடத்துகிறார்கள்?" என்று பெரியத்தா சினந்தார். குடும்பமே இரு கட்சியானது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: அறுவை, கண்ணுக்குத் தெரியும் கட்டியை மட்டுமே நீக்கும், உடலில் சிதறிய அணுக்களை மருந்துதான் தேடிச் செல்லும். மருந்து, கதிரின் தாக்கத்தையும் கூட்டும். கட்டி சுருங்கினால் அறுவையின் விளிம்பு தூய்மையாகும்.

நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான 'கிராஸ்' ஆய்வு இதற்குச் சான்று. நோயாளிகளுக்குக் கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல் ஆகிய மருந்துகளை வாரம் ஒருமுறையாக ஐந்து வாரம் செலுத்தி, உடன் 23 முறை கதிரும் அளித்து, அதன்பின் அறுத்தனர். அறுவை மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 24 மாதம்; இணைப்புச் சிகிச்சை பெற்றோர்க்கு 49 மாதம். ஆயினும் அவ்வாய்வில் சிற்றணுப் புற்றுடையோர் இடம்பெறவில்லை. அரிய நோய்க்குப் பெரிய ஆய்வு நடத்தப் போதிய நோயாளிகள் கிடைப்பதில்லை. சிறு தொகுப்புகளையும் நுரையீரல் சிற்றணுப் புற்றில் பெற்ற பட்டறிவையும் கொண்டே மருத்துவர் முடிவெடுக்கிறார். இதை அவர் மறைக்காமல் சொன்னார். பெரியத்தாவின் சினம் அப்போதுதான் தணிந்தது என்பது என் கணிப்பு.

இணைப்பு என்னும் சிந்தனை நம் மண்ணுக்குப் புதிதன்று. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தோன்றியது அடையாறு புற்றுநோய் நிலையம். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுக்கு மருந்தையும் கதிரையும் இணைத்து 1970களிலேயே ஆய்ந்தவர்கள்.

சாச்சாவுக்குச் சிஸ்பிளாட்டின், எட்டோபொசைடு என்னும் மருந்துகளும் கதிரும் நகரத்து மருத்துவமனை ஒன்றில் தரப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் மகன் நாள்தோறும் அழைத்துச் சென்றான். இடையில் வெள்ளணுக்கள் குறைந்து சிகிச்சை ஒருமுறை நின்றது. எடை குறையாதிருக்க மூக்கின் வழிக் குழாயில் சாச்சி உணவூட்டினார். அறுவையைத் தாங்கும் உடல் வேண்டுமே! சில வாரம் ஓய்வளித்து மீண்டும் படமெடுத்தபோது கட்டி பெரிதும் சுருங்கியிருந்தது. அதன் பின்னரே அறுத்தார்கள்.

இப்போது அவருக்கு இரைப்பையே மேலிழுக்கப்பட்டு உணவுக்குழலாய்ப் பணிபுரிகிறது. சிறிது சிறிதாக நாளுக்கு ஆறுமுறை உண்கிறார். தலையை உயர்த்தியே உறங்குகிறார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை. சென்ற ரமலானில் அவர் நோன்பிருக்க இயலவில்லை. எனினும் பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியில் அரைக் கோப்பையை அரைமணி நேரம் எடுத்துக் குடித்து முடித்தார்.