பால் கொடுப்பவளின் தட்டு: சில குறிப்புகள்

பிரசவ அறையை விட்டு வரும்போது தாயின் உடம்பில் குறைந்திருப்பது ஏறத்தாழ 5 கிலோ. குழந்தை 3 கிலோ, நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல், மீதி பனிக்குட நீரும் இரத்தமும். கர்ப்ப காலத்தில் ஏறியது பத்துப் பன்னிரண்டு கிலோ என்றால் பாதி இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. கால் வீக்கமாகத் தங்கிய நீர் அடுத்த சில வாரங்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வடியும். பிரசவத்தன்று 1 கிலோ இருக்கும் கருப்பை ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கும். முதல் ஆறு வாரம் வயிறு தொளதொளவென்று பெரிதாகத் தெரிவதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. அந்த நாட்களில் எடை மெஷினில் ஏறி நின்று கலங்க வேண்டாம்.

*

குழந்தை பார்க்க வருகிறவர்கள் "யார் ஜாடை?" என்று கேட்ட கையோடு, "நீ என்னம்மா இப்படி ஊதிட்டே?" என்றும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டவர் தெருமுனை திரும்புவதற்குள் மறந்துவிடுவார். இவள் அன்று இரவே சோற்றைப் பாதியாக்குகிறாள். மறுநாள் காலைப் பலகாரம் கிடையாது. மூன்றாம் நாள் தலைசுற்றல். ராத்திரி பசி தாங்காமல் ஒரு பாக்கெட் பிஸ்கட். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பத்து மாதம் ஏறிய எடைக்குப் பத்து நாளில் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

*

கணக்கு இதுதான். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி பால் ஊறுகிறது. அந்தப் பாலில் மட்டும் சுமார் 500 கலோரி. அதைச் சுரக்க உடம்பு செய்யும் செலவு தனி. அதனால்தான் முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. கர்ப்பத்தில் சேர்த்து வைத்த கொழுப்பும் இதற்கான கையிருப்புதான். நாளுக்கு 500 கலோரி துண்டு விழுந்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை கரையும். அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் முதலில் களைப்பு வரும், பிறகு தசை போகும், பால் சுரப்பும் குறையலாம்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. எடை கூடிய, பால் கொடுக்கும் 40 தாய்மாரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர், பிரசவமாகி நான்கு வாரம் கழித்து, நாளுக்கு 500 கலோரி குறைத்தார்கள். வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சி. பத்து வாரத்தில் சராசரி 4.8 கிலோ குறைந்தது. மற்றப் பிரிவில் 0.8 கிலோ. இரண்டு பிரிவிலும் குழந்தைகள் ஒரே மாதிரி வளர்ந்தன. கவனிக்க வேண்டியது, அவர்கள் எல்லோரும் தேவைக்கு மேல் எடை கொண்டவர்கள். பிரசவத்துக்கு முன்பே மெலிந்து, இரத்தச்சோகையோடு இருந்த பெண்ணுக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. அவள் குறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

*

பத்தியம் பற்றி. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு, முருங்கைக்கீரை, சுக்கும் மிளகும் சேர்ந்த லேகியம். இவற்றில் பாட்டிமார் கைப்பக்குவமும் அக்கறையும் இருக்கின்றன. சுறாவும் கருவாடும் கீரையும் சத்துள்ளவையும்கூட. நான் பத்தியத்துக்கு எதிரியில்லை. ஆனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்று, தண்ணீர். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று பச்சை உடம்புக்காரிக்கு அரை டம்ளர் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுதல். அதோடு உடம்பில் நீரும் வற்றினால் மூளையின் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நம் நாட்டில் இளம் தாய்மாரைத் தாக்கும் பக்கவாதங்களுக்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பால் கொடுக்க உட்காரும் இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும்.

இரண்டு, நெய். பால் ஊறுவது நெய்யால் அல்ல. குழந்தை அடிக்கடி சப்புவதாலும் மார்பு காலியாவதாலும். சோற்று மலையின் மேல் ஊற்றும் மூன்றாவது கரண்டி நெய் பாலுக்குப் போவதில்லை, இடுப்புக்குத்தான் போகிறது.

மூன்று, காய்கறியும் பழமும். குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று வாழைப்பழத்தையும் கொய்யாவையும் மறுக்கிறோம். நாலாம் நாள் மலச்சிக்கல், தையல் போட்ட இடத்தில் வலி. பத்தியத்தின் பெயரால் அவளுக்குக் கிடைப்பது வெறும் சோறும் ரசமும் பாலில் நனைத்த ரஸ்க்கும் என்றால் எடை ஏறும், சத்து ஏறாது.

*

அப்படியானால் தட்டில் என்ன? சோறு இருக்கட்டும், வழக்கமான அளவில். பருப்போ மீனோ முட்டையோ ஒவ்வொரு வேளையும். மத்தி, நெத்திலி விலையும் குறைவு. இரண்டு காய், ஒரு கீரை, ஒரு கிண்ணம் தயிர் அல்லது மோர். நடுவில் சுண்டல், பொட்டுக்கடலை, ஒரு பழம். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் பசிக்கும், கட்டாயம் பசிக்கும். அதற்கென்று அவித்த முட்டையோ அவித்த கடலையோ மூடி வைத்திருந்தால் பேக்கரிப் பொட்டலத்தைத் தேட வேண்டியதில்லை. இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் தொடர வேண்டும். முட்டையோ மீனோ சேர்க்காத வீடுகளில் பி12 பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். தாய்க்கு அது குறைந்தால் பாலிலும் குறையும்.

*

சோற்றையும் இட்லியையும் அறவே விட்டுவிட்டு முட்டையும் பனீரும் மட்டும் சாப்பிடும் முறை இப்போது பிரபலம். பால் கொடுக்கும் காலத்தில் இது விளையாட்டல்ல. சுவீடனில் 32 வயதுத் தாய் ஒருவர், குழந்தைக்குப் பத்து மாதமாக இருந்தபோது, எடை குறைக்க இப்படிச் சாப்பிட்டார். வாந்தி, படபடப்பு, நடுக்கம். இரத்தத்தில் அமிலம் ஏறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2015-ல் மருத்துவ இதழில் பதிவான செய்தி. பாலுக்காகச் சர்க்கரையைச் செலவிட்டுக்கொண்டே இருக்கும் உடம்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் அந்த நிலைக்குப் போய்விடுகிறது. நாள் முழுக்கப் பட்டினி விரதமும் இப்போது வேண்டாம், கடவுள் காத்திருப்பார்.

'ஸ்லிம்' தேநீர்ப் பொட்டலங்கள் பலவற்றில் நிலாவாரை இருக்கிறது. பேதியாகி நீர் போகும், கொழுப்பு அப்படியே இருக்கும். 2025-ல் இந்தியாவுக்கு வந்த வாராந்தர எடைக்குறைப்பு ஊசிகள் பால் கொடுக்கும் காலத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

*

வயிற்றில் பழைய சேலையை இறுகக் கட்டுவது கொழுப்பைக் கரைக்காது. தளர்வாகக் கட்டினால் முதுகுக்கு ஆதரவு. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே, இடுப்புத் தளத் தசைகளின் மேல் இறங்கும்.

நடைதான் முதல் உடற்பயிற்சி. சுகப்பிரசவமானால் சில நாளிலேயே வீட்டுக்குள் நடக்கலாம். சிசேரியன் ஆனவர்களும் மெல்ல நடக்க வேண்டும்; குடத்தையும் சிலிண்டரையும் தூக்குவதுதான் கூடாது. மல்லாந்து படுத்துத் தலையை உயர்த்தும்போது வயிற்றின் நடுவில் மேடு போல எழும்பினால் தசைகள் இன்னும் சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் எழுந்து எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சிகள் கெடுதல் செய்யும். பிஸியோதெரபி நிபுணரைப் பார்ப்பது நல்லது. "அலைஞ்சுட்டு வந்து சூட்டுப் பால் கொடுக்காதே" என்பார்கள். மிதமான நடையால் பாலின் அளவும் தரமும் மாறுவதில்லை. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது, நடப்பது எளிது.

*

தூக்கத்தை யாரும் எடையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 2008-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தைக்கு ஆறு மாதமானபோது ஐந்து மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிய தாய்மாருக்கு, குழந்தைக்கு ஒரு வயதானபோதும் 5 கிலோவோ அதற்கு மேலோ தங்கியிருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆகவே கணவன்மார்களுக்குச் சொல்கிறேன்: ஜிம் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், விடியற்காலைப் பால் குடித்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வையுங்கள். அவள் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கட்டும்.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவளிடம் போய் நடை, தூக்கம் என்று பேசுவதற்கு முன் மதியச் சோறு சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும்.

*

எடை மாதக்கணக்கில் அசையவே இல்லை, முடி கொட்டுகிறது, எப்போதும் குளிர்கிறது, களைப்பு என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். மாறாக, சாப்பிட்டும் வேகமாக இளைத்து நெஞ்சு படபடத்தாலும் அதே பரிசோதனை வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி முதலில் இளைக்க வைத்து, பிறகு பருக்க வைக்கும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. குழந்தை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பின்னாளில் நிரந்தரமாக வரும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட எப்படியும் போவீர்கள். அன்றைக்கே தாயையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.