டாக்சிக்காரர் மகனின் சிவப்பு கார்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மும்பை முலுண்டில் அந்தக் கட்டிடத்தின் வாசலில் கார் உறையை உருவும் சத்தம் கேட்டால், மூன்றாவது மாடி அம்மாள் ஜன்னலைச் சாத்திவிடுவார். ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. 2003இல் பதிவான ஃபியட் பாலியோ அது. 1.6 லிட்டர், 16 வால்வு இன்ஜின், 100 குதிரைத்திறன். சின்னக் காருக்கு அன்று அது சற்று அதிகப்படியான சமாசாரம். பின்னால் எவனோ மாட்டியிருந்த சைலன்சரோ குதிரைகள் 200 என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

குடும்பத்துக்கான காருக்குள் முரட்டு இன்ஜினைத் திணிக்கும் பைத்தியம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1976இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ அதற்குப் புகழ் தேடித் தந்தது. 'ஹாட் ஹாட்ச்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. மைலேஜே தெய்வம் என்றிருந்த இந்தியாவில் 2001இல் பாலியோ இறங்கியது, விளம்பரத்தில் சச்சின் டெண்டுல்கரோடு. பார்த்து மயங்கியவர்கள் பலர். 1.6 லிட்டர் ஜிடிஎக்ஸுக்குப் பெட்ரோல் போடத் துணிந்தவர்கள் சிலர்.

மயங்கியவர்களில் ஒருவர்தான் இவர். கல்லூரி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா ஜான்பூரிலிருந்து வந்து முப்பது வருடம் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சி ஓட்டியவர். பத்மினியும் அடிப்படையில் ஃபியட்தான், குர்லாவில் உருவானது. பாலியோவும் குர்லாவில்தான் பிறந்தது. 2016இல் மகன் 80,000 ரூபாய் கொடுத்து மூன்றாவது உரிமையாளராக அதை ஓட்டிவந்தபோது கிழவர் ஒரு சுற்றுச் சுற்றினார். முன்பக்க மட்கார்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். "பேட்டா, இதற்கு யார் முட்டியை வெட்டினார்கள்?" என்றார்.

வெட்டித்தான் இருந்தார்கள். கார் தாழ்ந்து தெரிய வேண்டும் என்று முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங்குகளை இரண்டு சுற்று அறுத்து எறிந்திருந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் வயிறு தேய்ந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவில் ஒன்றைச் செருகியிருந்தார். அது வெளிக்காற்றை விட்டுவிட்டு இன்ஜினைச் சுற்றியிருந்த சூட்டுக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சத்தம் கூடி சக்தி குறைந்த கதை. பழைய காரை வாங்கி மாற்றியமைப்பது என்றால், முதல் வருடம் அடுத்தவர் மாற்றியதைக் கழற்றுவதிலேயே போய்விடுகிறது.

பாண்டுப்பில் ஒரு மெக்கானிக். எல்லோருக்கும் உஸ்தாத். "சாப், ஸ்பிரிங் புதுசு கிடைக்காது, பழசு கிடைக்கும்" என்று குர்லா சி.எஸ்.டி. சாலைக்கு அனுப்பினார். உடைத்த கார்களின் உறுப்புகளைக் குவித்து விற்கும் தெரு. ஃபியட் பெயரில் புதுக் கார்கள் விற்பது 2019இல் நின்றுபோன பிறகு அந்தத் தெருவே ஷோரூம் ஆனது. குர்லாவில் பிறந்த காரின் எலும்புகளை குர்லாவிலேயே தேடிப் பொறுக்குவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

கணக்குக்காரர் அல்லவா, செலவை நோட்டில் எழுதினார். மூன்று பத்தி. பாகம், கூலி, பெட்ரோல். மனைவிக்குக் காட்டியது முதல் இரண்டு பத்தியை மட்டும். ஊருக்குள் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்பதை எந்த முகத்தோடு காட்டுவது? பெரிய சக்கரம் வந்தது. அகலமான டயர் வந்தது. சைலன்சர் மட்டும் அப்படியே இருந்தது. அந்த முழக்கம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. 2018இல் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டியிருந்தபோது நண்பரின் பாலியோவிலிருந்து ஒரு நாளைக்கு சைலன்சர் இரவல் வாங்கினார். மறுநாள் பழைய கச்சேரி.

2019 ஆகஸ்டில் அப்பாவை லோனாவாலாவுக்கு அழைத்துப் போனார். திரும்பும்போது போர் காட்டில், பழைய நெடுஞ்சாலை வழியாக கோப்போலி நோக்கி இறக்கம். மழை விட்டிருந்தது. மூன்றாவது கியரில், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, இன்ஜினை முழங்கவிட்டு வந்தார். பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் ஆனது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது.

"செகண்ட் கியர்" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. கியர் இறங்கியதும் வண்டி உறுமி இழுத்துக்கொண்டது. அப்பாவின் கை ஹாண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியது. மலைப்பக்கச் சரிவோரம் உரசி நின்றார்கள். எதிர்ப்பக்கம் பள்ளம்.

பாகம் எதுவும் உடையவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி சூட்டைத் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிவிட்டால் விதியே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தொடர்ந்து மிதித்த சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த மிதி சக்கரத்துக்குப் போகவில்லை. இன்ஜின் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றியவரின் நோட்டில் பிரேக் ஆயில் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. மூன்று வருட நோட்டு.

அப்பா திட்டவில்லை. ஆறிய பிறகு மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தார்கள். அதற்கப்புறம் ஏழு மாதம் எங்கே போனாலும் கிழவர் லோக்கல் ரயிலில் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று மகனுக்குத் தோன்றியது.

உஸ்தாத் பிரேக் ஆயிலை முழுக்க வடித்தார். ரப்பர் குழாய்கள், பேட், டிஸ்க் எல்லாம் மாறின. மகன் தனியாக மூன்று முறை அந்தக் காட்டில் இறங்கிப் பார்த்தார். அப்புறம்தான் அப்பாவைக் கூப்பிட்டார். "பெடலைக் காட்டு" என்று கிழவர் முதலில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

சைலன்சர் விவகாரம் 2023இல் தீர்ந்தது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மீறிக் காரை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இரவல் வாங்க நண்பரின் பாலியோவும் இல்லை, உடைத்துவிட்டார்கள். அதன் சைலன்சர்தான் குர்லாவில் ஒரு கடையில் கிடைத்தது. இந்த முறை அது நிரந்தரமாக ஏறியது.

கார் அமைதியானதும் வேறொன்று கேட்க ஆரம்பித்தது. இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கீச்சொலி. காதைக் கொடுத்துக் கண்டுபிடித்தவர் அப்பா. டைமிங் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு இன்ஜினே போய்விடும். பெல்ட் கிடைத்துவிட்டது. டென்ஷனர் கிடைக்கவில்லை. பழசு வேண்டாம் என்று உஸ்தாத் பிடிவாதம்.

கார் உறைக்குள் நிற்கிறது. ஞாயிறுதோறும் மகன் உறையை விலக்கித் துடைத்துவிட்டு மூடுகிறார். மூன்றாவது மாடி ஜன்னல் பழக்கத்தில் சாத்திக்கொள்கிறது. குர்லாவிலிருந்து ஃபோன் வந்ததா என்று அப்பா மாலையில் ஒருமுறை, ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒருமுறை கேட்கிறார்.