சிவ்ரிக் கரையின் கணக்குப் புத்தகம்

மும்பைக் கடற்கரை என்றவுடன் மெரின் டிரைவும் ஜுஹுவும் பலருக்கும் நினைவுக்கு வரும். அவை மேற்குக் கரையில் உள்ளவை. கிழக்குக் கரையைக் காணச் செல்வோர் குறைவு; அங்கே மணல் இல்லை, சேறுதான் உண்டு. அக்கரையில் சிவ்ரி என்னும் இடத்தில் பழைய படகுத்துறை ஒன்று இருக்கிறது. ஒருபுறம் கிடங்குகள், மறுபுறம் அலையாத்திக் காடு, சற்றுத் தள்ளி, 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அடல் சேது பாலம் கடலுக்குள் இறங்கிச் செல்கிறது. கடல்நீர் வற்றும்போது படகுத்துறையின் முன்னே கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுவெளி விரியும். மனிதர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்தச் சேற்றில் புழுவும் நண்டும் சிப்பியும் பாசியும் நிறைந்திருக்கின்றன. பறவைகளுக்கு அது பந்தி விரித்த இலை.

சயான் கோலிவாடாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவி, ஒரு செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமையில் தன் தாத்தாவுடன் அங்குச் சென்றாள். தூறல் ஓயவில்லை. சேற்றின் மேல் கைப்பிடி அளவேயான சிறு பறவைகள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. சில அடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். அவை உப்புக்கொத்திகள் என்று தன் பறவை நூலைப் பார்த்து அவள் அறிந்துகொண்டாள். குளிர்காலத்தில் வலசை வருபவை என்று அந்நூல் கூறியது. ஆனால் மழைக்காலமே இன்னும் முடியவில்லை. அப்படியானால் இவை எப்போது வந்தன?

படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டாள். ஒருவர் தீபாவளிக்கு வரும் என்றார். மற்றொருவர் அவை எப்போதும் இங்கேதான் இருக்கின்றன என்றார். வந்த நாளை அறிய வேண்டுமானால், அவை இல்லாத சேற்றை முதலில் பார்த்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். எனவே ஓராண்டு முழுவதும் கணக்கெழுதுவது என்று அவள் முடிவு செய்தாள்.

தாத்தா தூத்துக்குடியிலிருந்து இளம் வயதில் பம்பாய்க்கு வந்தவர். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பறவைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சிறியவை எல்லாம் அவருக்குக் குருவி, வெள்ளையானவை எல்லாம் கொக்கு. ஆனால் எண்ணத் தெரியும், கடலைத் தெரியும். பெட்டியின் அடியில் கிடந்த எழுதப்படாத கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிப் பேத்தியிடம் கொடுத்தார்.

முதல் பாடத்தைக் கடல் கற்பித்தது. முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சென்றபோது சேறு நிறையப் பறவைகள். அடுத்த ஞாயிறும் அதே ஏழு மணிக்குச் சென்றாள். சேற்றையே காணோம், எங்கும் நீர். பறவைகள் போய்விட்டன என்று எழுதப் பேனாவை எடுத்தாள். தாத்தா தடுத்தார்.

“அம்மா, கடல் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இருமுறை வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளுக்கு எவ்வளவு ஆகிறது, கணக்குப் போடு.”

முந்நூற்றைம்பது நிமிடங்கள், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடைப்பட்ட காலமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே ஒரு ஞாயிறு ஏழு மணிக்குக் கடல் வற்றியிருந்தால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் நிறைந்திருக்கும். கடிகாரத்தை நம்பி எழுதியிருந்தால், பறவைகள் ஒரு வாரம் வந்து மறுவாரம் மறைவதாக அந்தப் புத்தகம் ஆண்டு முழுவதும் பொய் சொல்லியிருக்கும். அன்றுமுதல் அவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்துப் புறப்பட்டனர். சில நாள் விடியலில், சில நாள் உச்சி வெயிலில். நாள், ஓதம், வானிலை, பறவை, எண்ணிக்கை என்று அவள் கட்டங்கள் வரைந்தாள். ஆறாவது கட்டத்தைத் தாத்தா கேட்டு வாங்கினார். அதன் தலைப்பு: பார்த்தவர்.

அக்டோபரில் உள்ளான்கள் பெருகின. நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான்கள் வந்தன. அலகு நேராக நீண்ட மூக்கன்கள் தொடை வரை நீரில் நின்று சேற்றைத் துழாவின. கடற்காகங்கள் நவம்பரில் அவளைக் குழப்பின. கருந்தலைக் கடற்காகம் என்று நூல் கூறிய பறவைக்குத் தலையே வெள்ளையாக இருந்தது. கண்ணுக்குப் பின்னால் மட்டும் மை வைத்தாற்போல ஒரு பொட்டு. இனப்பெருக்கக் காலத்தில்தான் அதன் தலை கருக்கும் என்பதை அறிய மார்ச் மாதம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. பெயர் வைத்தவர் கோடைக்காலத்தில் பார்த்திருக்கிறார். மும்பை பார்ப்பதோ அதன் குளிர்கால உடையை.

டிசம்பரில் பூநாரைகள் வந்தன. சிவ்ரிக்கு மக்கள் திரள்வது இவற்றைக் காணத்தான். பெரும்பாலானவை சிறு பூநாரைகள். நீண்ட கால்களும் வளைந்த கழுத்தும் கொண்டவை. தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பாதி கீழாகவும் கீழ்ப்பாதி மேலாகவும் இருக்கும்படி நீரில் வைத்து உண்ணும் விந்தைப் பறவைகள். அலகின் உள்விளிம்பில் உள்ள நுண்ணிய தகடுகள் சல்லடைபோல் பாசியை வடித்தெடுக்கும். நாக்கு நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளும். அப்பாசியில் உள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. குஞ்சாக இருக்கையில் பூநாரை சாம்பல் நிறமே.

அன்று படகுத்துறையில் நின்ற ஒருவர் பத்தாயிரம் இருக்கும் என்று உரக்கச் சொன்னார். அவள் 10,000 என்று எழுதிவிட்டாள். தாத்தா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

“யார் எண்ணினார்கள்?”

“எல்லாரும் சொல்கிறார்களே, தாத்தா!”

“எல்லாரும் என்ற பெயரில் கப்பலில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. இறங்காத மூட்டையை எழுதக் கூடாது. இறங்கிய மூட்டையை விடவும் கூடாது.”

பிறகு அவர் எண்ணக் கற்றுக்கொடுத்தார். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். விரல் மறைக்கும் இடத்தில் எத்தனை பறவைகள் உள்ளன என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கூட்டம் அடர்ந்த இடத்தில் ஒருமுறை, கலைந்த இடத்தில் ஒருமுறை. பின்பு கூட்டத்தின் நீளம் எத்தனை கட்டைவிரல் என்று அளந்து பெருக்க வேண்டும். மூன்று முறை எண்ணியும் ஆயிரத்து நானூறைத் தாண்டவில்லை. பத்தாயிரத்தை ஒரே கோட்டால் அடித்து, அருகில் ‘சுமார் 1,400’ என்று எழுதினாள். அடித்த எண் இன்றும் அப்பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. அழிப்பானைப் பயன்படுத்தத் தாத்தா இசையவில்லை.

சனவரியில் காய்ச்சலால் ஒரு ஞாயிறு போக முடியவில்லை. அந்த வரிசையில் சுழியம் எழுதலாமா என்று கேட்டாள். கூடாது. சுழியம் என்றால் சென்று பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று பொருள். ‘செல்லவில்லை’ என்று எழுதினாள். இந்த இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்களின் கணக்குகளிலும் சில வேளை காண முடிவதில்லை.

சிறுவர் எழுதிய குறிப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்போர் உண்டு. 1896ஆம் ஆண்டில் மும்பையில் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது ஒரு குதிரை லாயத்தில் கூடு கட்டிய குருவிகளைக் கவனித்துக் குறிப்பெழுதினார். ஆண் குருவியைச் சுட்டு வீழ்த்தியபின் பெண் குருவி விரைவில் வேறொரு துணையைச் சேர்த்துக்கொண்டதை அதில் பதிந்திருந்தார். பறவையைச் சுட்டது இன்று ஏற்கத்தக்கதன்று; ஆயினும் கண்டதைக் கண்டவாறு எழுதிய அக்குறிப்பு பல பத்தாண்டுகளுக்குப் பின் அச்சேறியது. இன்றும் 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இணையத்தில் சேர்த்த பட்டியல்களைக் கொண்டே 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை உருவானது. அவர்களுள் பெரும்பாலோர் அறிவியலாளர்கள் அல்லர்.

வளையங்களைப் பற்றியும் அவள் அப்போது படித்தாள். 1883ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர், தமிழ்நாட்டின் கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த மெல்லிய வளையம் இட்டுப் பறக்கவிட்டு வருகின்றனர். கண்டெடுப்பவர் தெரிவிப்பதற்காக வளையத்தில் கழகத்தின் பெயரும் இருக்கும். இதைக் கேட்டுத் தாத்தா நெடுநேரம் சிரித்தார். “கோடியக்கரைப் பறவையின் காலில் பம்பாய் முகவரியா! என்னைப் போலத்தான்.”

ஏப்ரல் இறுதியில் அப்பாவின் அலுவலகத்திலிருந்து மாறுதல் ஆணை வந்தது. விசாகப்பட்டினம். மத்திய அரசுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. பள்ளியும் வீடும் நண்பர்களும் மாறுவார்கள். ஆனால் கணக்கு முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. அவள் தேடிய விடை அந்த நான்கு மாதங்களில்தான் இருந்தது. எட்டு மாதங்களின் பக்கங்கள் நிரம்பியிருந்தும், முதல் நாள் எழுந்த கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

மே மாத நடுவில், புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, பூநாரைகள் இன்னும் இருந்தன; சில நாள்களில் அவையும் போய்விடும். அவை கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்புவெளியில். ஆண்டின் பாதியை மும்பையிலும் மீதியை வேறிடங்களிலும் கழிக்கும் பறவைக்கு எது சொந்த ஊர் என்று அவள் கேட்டாள். தாத்தா பதில் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டில் தங்கிவிடப் போகும் அவர், கணக்குப் புத்தகத்தைத் தன் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போகுமாறு மட்டும் கேட்டார்.

சூன் முதல் ஞாயிறு தொலைபேசி ஒலித்தது. “பூநாரை சுழியம்,” என்றார் தாத்தா. “கொக்கு ஒன்பது. காகம் எண்ணவில்லை.” மழை பிடித்தபின் ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய இதே செய்திதான்: மடையான், சாம்பல் நிறக் கரைக்கொக்கு, செம்பருந்து. எழுபது வயதைக் கடந்தவர் குடை பிடித்து, இரண்டு பேருந்து மாறிச் சென்று, ஒன்றும் இல்லை என்று எழுதித் திரும்பினார். சேற்றில் மங்கிய நிறத்துடன் நாலைந்து சிறு பறவைகள் மட்டும் எஞ்சியிருந்ததாக ஒரு வாரம் சொன்னார். வலசைப் பறவைகளுள் சில இளம்பறவைகள் முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் தங்கிவிடுவதுண்டு என்பதை அவள் நூலில் படித்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு தாத்தாவின் குரலில் வேகம் இருந்தது.

“குருவி வந்திருக்கிறது. ஏழு.”

“எப்படி இருக்கிறது, தாத்தா? பெயர் வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்.”

“ஓடுகிறது, நிற்கிறது, கொத்துகிறது, மறுபடி ஓடுகிறது. அலகு குட்டை. கால் கருத்திருக்கிறது. மூன்றின் மார்பில் செங்கல் நிறம்.”

செங்கல் நிறம் என்றதும் அவள் துள்ளினாள். மணல் உப்புக்கொத்தியின் மார்பு இனப்பெருக்கக் காலத்தில் செந்நிறம் கொள்ளும், குளிர்காலத்தில் வெளிறிவிடும். கோடையில் இங்கே தங்கிய இளம்பறவைகளுக்குப் பெரும்பாலும் அந்நிறம் இராது. ஆகவே அம்மூன்றும் இமயத்திற்கு அப்பாலுள்ள உயர்ந்த பீடபூமியில் கூடு கட்டி முடித்து, உடை மாற்றக்கூட நேரமின்றி, கொட்டும் மழையில் சிவ்ரிக்கு வந்து சேர்ந்தவையாக இருக்க வேண்டும். குளிர்கால விருந்தினர் ஆகஸ்டிலேயே வந்துவிட்டனர்.

விசாகப்பட்டினத்து வீட்டில் அருகில் நின்ற அப்பா, “பெயரை எழுதிவிடச் சொல்லேன்” என்றார். அவள் தலையசைத்து மறுத்தாள். உப்புக்கொத்தியில் பல இனங்கள் உண்டு. அவள் நேரில் பார்க்கவில்லை. தாத்தா தன் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டது இவ்வளவே: ‘உப்புக்கொத்தி வகை, 7. மார்பு செங்கல் நிறம் 3. மழை. வற்றம். பார்த்தவர்: தாத்தா.’

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. “ஓராண்டு முடிந்தது, அம்மா. புத்தகத்தை அனுப்பி வைக்கட்டுமா?” என்று தாத்தா கேட்டார். எத்தனை பக்கம் மிச்சம் இருக்கிறது என்று அவள் கேட்டாள். தாத்தா புரட்டி எண்ணும் ஓசை தொலைபேசியில் கேட்டது. நாற்பத்தொன்று. அடுத்த ஞாயிறு சிவ்ரியில் எத்தனை மணிக்குக் கடல் வற்றும் என்று அவள் ஓத அட்டவணையை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.